பேரவையின் பரிசீலனையில் நான்

மனசுக்குள் ஒரு சந்தேகம் வந்தால் அதை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. மிஞ்சிப்போனால் கட்டினவரிடம் கேட்கலாம். நான் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அதுவும் நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எடிசன் ஊரின் ராரிட்டன் கரைத் தமிழ்ப் பேரவையின் குழுவில் கேட்டேன். புத்தி கெட்டுப்போனால் வேறென்ன சொல்வது!

நான் கேட்டதும் அப்படியொன்றும் பெரிய கேள்வி இல்லை. "வணக்கம். இங்கே யாராவது எல்.பி.என். நர்ஸ் கோர்ஸ் படித்திருக்கிறீர்களா? ஈவினிங் கிளாஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை." அவ்வளவுதான். முதல் பதிலாக ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன. அப்போது சாயங்காலம். இரண்டாவதாக ஒருவர் தன் வீட்டு டைனிங் டேபிளை விற்கப் பார்த்தார். மூன்றாவதாகக் காமாக்ஷி ஆன்ட்டி, கைகூப்பும் படம் நான்கைந்து போட்டு, "கலா, ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டிருந்தார்.

சௌக்கியத்துக்கும் நர்ஸ் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விளங்கியது. எங்கள் ஊரில் ஒருத்தி டேட்டா அனலிடிக்ஸ் படித்தால் முன்னேறுகிறாள் என்று அர்த்தம். ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுத்தால் கெட்டிக்காரி என்று அர்த்தம். நர்ஸ் படித்தால் புருஷனுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம். இது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

புளியோதரை வந்தது. வெஜிடபிள் பிரியாணி வந்தது. மூன்று வீட்டிலிருந்து சாம்பார் வந்தது. என் கணவர் சேனாபதி நியூயார்க்கில் ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறார். அன்றைக்கும் எப்போதும்போல ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தவரை டிரைவ்வேயில் நின்றிருந்த இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"தைரியமா இருங்க சேனா. மார்க்கெட் ரொம்ப மோசம். ரெஸ்யூம் அனுப்புங்க, நான் ரெஃபர் பண்றேன்."

"எனக்கு வேலை இருக்குதுங்களே."

"கரெக்ட். அப்படித்தான் சொல்லணும். கான்ஃபிடென்ஸ் விடக்கூடாது."

அந்த வாரத்துக்குள் அவருக்கு இரண்டு இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்துவிட்டது. அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதால் ஒன்றுக்குப் போயும் வந்தார். பாவம், மறுக்கத் தெரியாத மனுஷன்.

இனி என்னைப் பற்றி. பெயர் கலாவதி. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது கையில் இருந்தது எச்-4 விசா. அந்த விசாவில் மூச்சு விடலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம்; வேலைக்கு மட்டும் போகக்கூடாது. கிரீன் கார்டு வருவதற்குள் என் மகள் வான்மதி எனக்கே அல்ஜீப்ரா சொல்லித்தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். கார்டு வந்த மாதமே, ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரியவர்களுக்கான டே கேரில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் வேன் போய் வீடு வீடாக நம் ஊர்ப் பெரியவர்களை ஏற்றி வரும். கேரம், பஜனை, சாப்பாடு, தூக்கம். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடும். மகனும் மருமகளும் மீட்டிங்கில் இருக்கும் நேரத்தில் இவர்கள் எங்களிடம் இருப்பார்கள். நான் பிங்கோ ஆட்டத்தின் நம்பரைத் தமிழிலும் தெலுங்கிலும் குஜராத்தியிலும் கூவுவேன். என் பதவிக்கு ஆக்டிவிட்டி அசிஸ்டென்ட் என்று பெயர்.

அங்கே பவுலா என்று ஒரு நர்ஸ். அவள் எல்.பி.என். அதாவது ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு, பிறகு அரசாங்க லைசென்ஸ். பெரிய நர்ஸான ஆர்.என். மேற்பார்வையில் மாத்திரை கொடுப்பாள், ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். ஒருநாள் தெய்வானை ஆத்தா பிங்கோ நடுவில் முகமெல்லாம் வேர்த்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் மீட்டரைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. அடுத்த கட்டிடத்தில் இருந்த பவுலா ஓடிவரும் வரைக்கும் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க ஆத்தா, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த ஆசைதான் இது.

யாரிடமும் சொல்லாமல் நுழைவுத் தேர்வு எழுதினேன். பாஸாகிவிட்டது. மாலை வகுப்பில் ஓர் இடம் தந்தார்கள். சித்திரை விழா முடிந்த மறுநாள் திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்று சொன்னால் இடம் எனக்கு, சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. இடம் கிடைக்கும் வரை இல்லாத பயம் கிடைத்த பிறகு வந்தது. இத்தனை வயசுக்கு மேல் பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, ஃபெயிலாகிப் போனால்? மருந்துப் பெயர்கள் மண்டையில் ஏறாவிட்டால்? சேனாபதியிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். உன் இஷ்டம் என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமா, பிடிக்கவில்லை என்று அர்த்தமா? அதற்கும் "உன் இஷ்டம்" என்றார். அதனால்தான், படித்தவர்கள் யாராவது இரண்டு வார்த்தை தைரியம் சொல்ல மாட்டார்களா என்று குழுவில் கேட்டுத் தொலைத்தேன்.

பேரவைத் தலைவர் நெடுஞ்செழியனே போன் செய்தார். தெய்வானை ஆத்தாவின் மகன். ஆபீசில் டைரக்டர். வீட்டிலும் டைரக்டர்தான் என்று ஆத்தா சொல்வார்.

"கலாவதிங்க, உங்க மெசேஜ் பார்த்தேன். இது இண்டிவிஜுவல் மேட்டர் இல்லீங்க. பேரவை லெவல்ல எடுக்க வேண்டிய டிசிஷன்."

"எனக்கு கிளாஸ் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாப் போதுங்க."

"அது பழைய ஸ்கோப்புங்க. நேத்து எக்ஸிக்யூட்டிவ் கமிட்டில ஸ்கோப்ப எக்ஸ்பேண்ட் பண்ணிட்டோம். நீங்க நர்ஸ் ஆகலாமா, வேண்டாமா, ஆயிட்டா அதனால தமிழ்ச் சமுதாயத்துக்கு என்ன இம்பேக்ட், எல்லாத்தையும் பேரவை பரிசீலிக்கும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. முக்கியமா, நீங்களா ஒரு முடிவும் எடுத்துடாதீங்க."

பேரவையில் தொழில் வழிகாட்டும் உயர்மட்டக் குழு என்று ஒன்று இருப்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அதன் தலைவர் அனந்தராமன் சார், டெலிகாம் கம்பெனியில் இருந்து ரிடையர் ஆனவர். குழு ஆரம்பித்ததிலிருந்து யாரும் வழி கேட்டு வரவில்லையாம். நான்தான் முதல் ஆள். அவர் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்தது. சினிமா பார்க்கும் சாய்வு சோபாக்கள், சுவரில் பெரிய திரை. லைசென்ஸ் பயிற்சியில் இருக்கும் வான்மதிதான் காரை ஓட்டி வந்தாள். வந்தவள் ஒரு சோபாவில் புதைந்துகொண்டாள். திரையில் முதல் பக்கம்: "கலாவதி: தற்போதைய நிலை." கூடவே என் படம். கொலுவில் சுண்டல் வாங்கும்போது யாரோ எடுத்ததை வெட்டி ஒட்டியிருந்தார்கள். சுண்டல் கிண்ணம் பாதி தெரிந்தது.

"அஞ்சு வருஷத்துல உன்னை எங்கம்மா பார்க்கறே?" என்று அனந்தராமன் சார் தொடங்கினார்.

"நர்ஸ் யூனிஃபார்ம்ல சார்."

"அது வழி. கோல் என்ன?"

"பெரியவங்களுக்கு சுகர், பிபி பார்க்கணும். வேளைக்கு மருந்து குடுக்கணும்."

அவர் காமாக்ஷி ஆன்ட்டியைப் பார்த்தார். மகளிர் அணித் தலைவியான ஆன்ட்டி, "விஷன்: தெளிவில்லை" என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த பக்கம், மாற்று வழிகள். ஏன் ஆர்.என். ஆகக்கூடாது? ஆர்.என். ஆவதென்றால் ஏன் நர்ஸ் ப்ராக்டிஷனர் ஆகக்கூடாது? அவ்வளவு தூரம் போகிறவள் ஏன் டாக்டராகவே ஆகக்கூடாது? டாக்டராக வயசாகிவிட்டது என்பதால், மொத்தமாக மருத்துவத்தை விட்டுவிட்டு, ஐ.டி. கம்பெனியில் குழுக் கூட்டம் நடத்தும் ஸ்க்ரம் மாஸ்டர் ஏன் ஆகக்கூடாது? இதுதான் அவர்களுடைய தர்க்கம். அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தார்கள்.

"ஸ்க்ரம் மாஸ்டர் ரெண்டே நாள் கோர்ஸ்ங்க" என்றார் நெடுஞ்செழியன்.

"ரெண்டு நாள்ல என்னங்க கத்துக்குடுப்பாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. அதனாலதான் ரெண்டு நாள். என் டீம்லயே நாலு பேர் இருக்காங்க. அவங்க என்ன பண்றாங்கன்னு எனக்கே தெரியாது. ரொம்ப ரெஸ்பெக்டட் ப்ரொஃபஷன்."

மூன்றாவது பக்கம் சிவப்பு நிறத்தில் வந்தது. அபாயங்கள். முதல் அபாயம்: வான்மதியின் கல்யாணம்.

"பயோடேட்டால மதர்ஸ் ஆக்குபேஷன்னு ஒண்ணு கேப்பாடி கலா" என்றார் காமாக்ஷி ஆன்ட்டி. "ஹோம்மேக்கர்னு போட்டா கௌரவம். ஐ.டி.ன்னு போட்டா இன்னும் கௌரவம். எல்.பி.என்.னு போட்டா, அது என்னன்னு நாம எக்ஸ்ப்ளெயின் பண்ண வேண்டியிருக்கும். எக்ஸ்ப்ளெயின் பண்ண ஆரம்பிச்சாலே சம்பந்தம் கலைஞ்சுடும்."

சோபாவிலிருந்து ஒரு தலை எழுந்தது. "ஆன்ட்டி, ஐ'ம் சிக்ஸ்டீன்."

"லீட் டைம் வேணுமேம்மா, இப்பவே ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்" என்றார் அனந்தராமன் சார் கனிவாக.

"அம்மா, ஆர் தீஸ் பீப்பிள் ஃபார் ரியல்?" என்று என்னிடம் கேட்டாள் வான்மதி. சும்மா இருடி என்று முழியை உருட்டினேன். ஆனால் அதே கேள்விதான் எனக்கும்.

அடுத்து நிபுணர் கருத்து. பேரவையின் பிளாட்டினம் புரவலரான டாக்டர் ஸ்ரீநிவாசன் திரையில் தோன்றினார். இதய நிபுணர். சொந்தமாக இரண்டு கிளினிக். பின்னணியில் தான் வாங்கிய விருதுகள் தெரியும்படி கேமராவை வைத்திருந்தார்.

"நர்ஸிங் இஸ் எ நோபிள் ப்ரொஃபஷன்" என்று ஆரம்பித்தார். எனக்கு மனசு குளிர்ந்தது. "இதை நான் எல்லா மேடையிலயும் சொல்றேன். நர்ஸஸ் டே அன்னிக்கு என் ஸ்டாஃப் எல்லாருக்கும் பீட்ஸா வாங்கித் தர்றேன். என் கிளினிக் ஓடறதே எல்.பி.என்.களாலதான். பேஷண்ட் எங்கிட்ட பேசறது நாலு நிமிஷம், அவங்ககிட்ட நாப்பது நிமிஷம். போன மாசம் என் பேஷண்ட்டுக்கு ரெண்டு மாத்திரை ஒத்துக்காதுன்னு கண்டுபிடிச்சதும் ஒரு எல்.பி.என்.தான். பிரிஸ்க்ரிப்ஷன் எழுதினது யாருங்கறது இங்க இம்பார்ட்டன்ட் இல்ல. ஸோ, அவ்வளவு நோபிளான வேலை. அதனாலதான் சொல்றேன், நம்ம லேடீஸ் அதுக்குப் போகக்கூடாது. நம்ம ஆளுங்க நோபிளா இருக்க வேண்டாம், ஆனரபிளா இருந்தா போதும்."

எல்லாரும் கைதட்டினார்கள். பழக்க தோஷத்தில் நானும் தட்டிவிட்டேன்.

சித்திரை விழாவுக்கு முந்தின வாரம் இரண்டாவது கூட்டம். எனக்கு இந்தத் துறையில் ஆப்டிட்யூட் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு ப்ரூஃப் ஆஃப் கான்செப்ட் செய்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மருந்துக் கடையில் விற்கும் பிபி மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். கமிட்டி உறுப்பினர்களுக்கு நான் பிபி பார்க்க வேண்டும். கையில் பட்டையைச் சுற்றிப் பட்டனை அமுக்கினால் அதுவே பார்த்துக்கொள்ளும். பட்டன் அமுக்குவதில் எனக்கு நல்ல ஆப்டிட்யூட் இருப்பது தெரியவந்தது.

கமிட்டிக்கு மொத்தமாகவே ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. அனந்தராமன் சாருக்கு அதிகம். காமாக்ஷி ஆன்ட்டிக்கு அதைவிட அதிகம். நெடுஞ்செழியனுக்கு வந்த எண்ணைப் பார்த்து நான் பதறிப்போய், "அண்ணா, நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்றேன்.

"மெஷின் டிஃபெக்டுங்க. அம்பது பேரை மேனேஜ் பண்றவன் நான், எனக்கு எப்படி பிபி வரும்?" என்றவர் மறுபடியும் பார்க்கச் சொன்னார். இம்முறை இன்னும் ஏறியிருந்தது. இந்த எண்களைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கலாமா என்று விவாதம் எழுந்தது. சேர்க்க வேண்டாம், இவை கமிட்டியின் கருத்தைப் பிரதிபலிப்பவை அல்ல என்று முடிவெடுத்தார்கள். ஓட்டெடுப்புக்கு முன் காபி இடைவேளை விட்டார்கள்.

நான் மேலே போய்ச் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அனந்தராமன் சார் பின்னாலேயே வந்தார். மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா கலா, மாமிக்குக் கால்ல புண் ஆறவே மாட்டேங்கறது. ஏஜென்சில தெனம் ஒருத்தியை அனுப்பறா. கட்டு மாத்தறச்சே மாமி வலிக்கறதுன்னு கத்தினா அவாளுக்குப் புரியல. நீ எப்போ படிச்சு முடிப்பே?"

"நீங்கதான சார் படிக்க வேண்டாங்கறீங்க?"

"அது கமிட்டி ஒபீனியன்மா. இது ஆத்து விஷயம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனுஷர் பொய் சொல்லவில்லை. இரண்டையுமே நிஜமாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் காமாக்ஷி ஆன்ட்டி. மாமாவுக்கு இன்சுலின் ஊசி போட ஆன்ட்டிக்குக் கை நடுங்குகிறதாம். மாமாவுக்கு அந்த நடுக்கத்தைப் பார்த்து மயக்கம் வருகிறதாம். "நீ லைசென்ஸ் வாங்கிட்டேன்னா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். அனந்தராமனுக்கு முன்னாடி. சரியா?" கடைசியாக நெடுஞ்செழியன். ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டு பேசினார்.

"அம்மா வீட்டுல மாத்திரையைத் துப்பிடறாங்க கலாவதிங்க. டே கேர்ல நீங்க பக்கத்துல உக்காந்தாத்தான் முழுங்கறாங்களாம். படிச்சு முடிச்சதும் ஈவினிங்ல வந்து பார்த்துக்க முடியுங்களா? வெளிய மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் அப்படியெல்லாம் தனியா வந்து பண்ண முடியாதுங்கண்ணா. ஆர்.என். மேற்பார்வையிலதான் செய்யோணும்."

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். மூன்று பேரும் சோபாவில் சாய்ந்துகொண்டு, கலாவதி எல்.பி.என். படிப்பது சமுதாயத்தின் மதிப்புக்கு உகந்ததல்ல என்று கைதூக்கினார்கள். இறுதி முடிவைப் பொதுக்குழு சித்திரை விழா மேடையில் எடுக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சேனாபதியிடம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே மூணு பேஷண்ட். அப்புறம் எதுக்கு யோசிக்கற?" என்றார்.

"ஃபெயிலாயிட்டா?"

"ஆனா ஆகு. நான் அந்த இன்டர்வியூல ஃபெயில்."

"என்னது! எப்போ சொன்னாங்க?"

"நேத்து மெயில் வந்துச்சு. பத்தொம்பது வருஷமாப் பார்க்கற அதே வேலைக்கு நான் லாயக்கில்லையாம்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மனுஷன் இப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் அன்றிரவு தூங்கும்போது பயம் என் பக்கத்திலேயே படுத்திருந்தது. தீர்மானம் எனக்கு எதிராகப் போனால் நல்லதுதான், பேரவைமேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன புத்தி இது!

சித்திரை விழா ஒரு ஹைஸ்கூல் அரங்கத்தில் நடந்தது. மேடைக்கு எதிரே நாற்காலிகள், பின்பக்கம் நீளமாகச் சாப்பாட்டு மேஜைகள். எங்கள் டே கேர் பெரியவர்களை வேனில் அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். விழாவின் ஆரம்பத்தில் மூத்தோர் கௌரவிப்பு. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் மூத்தோர் விஷயம் முடிந்தது.

மழலையர் நடனத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் என் எதிர்காலம் வைக்கப்பட்டிருந்தது. முதலில் எல்.பி.என்.னுக்குத் தமிழில் என்ன பெயர் என்று மொழிக்குழு அறிக்கை வாசித்தது. உரிமம் பெற்ற செயல்முறைச் செவிலியா, நடைமுறைச் செவிலியா என்று இரண்டு அணியாகப் பிரிந்து முட்டிக்கொண்டார்கள். இதற்குள் சமோசா வாசனை மேடைவரை வந்துவிட்டது. நெடுஞ்செழியன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த தமிழ்ச் சொந்தங்களே! இந்த நாட்டுக்கு நாம எதுக்கு வந்தோம்? உழைக்க வந்தோம். எந்த உழைப்பும் இழிவில்லைன்னு உலகத்துக்குச் சொன்ன இனம் நம்ம இனம். ஆகவே, எந்த உழைப்பை நாம செய்யணும், எதை மத்தவங்க செய்யணும்னு முடிவு பண்ற பொறுப்பும் நமக்கு இருக்கு. நம்ம பெற்றோரை நாம தெய்வமா மதிக்கறோம். அவங்களுக்கு மாத்திரை குடுக்க, குளிப்பாட்ட, கைபிடிச்சு நடத்த ஆள் வேணும். அந்த ஆள் நிச்சயமா வருவாங்க. ஆனா நம்ம வீட்டுலருந்துதான் வரணுமா? சிந்திப்பீர்!"

கைதட்டல் பலமாக இருந்தது. முதல் வரிசையில் தெய்வானை ஆத்தா பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சொல்றான்?" என்று கேட்டார். "ஏதோ மாத்திரையைப் பத்திங்க" என்றார் அவர்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார்கள். கொஞ்சம் பேர் தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றார்கள், அவர்களில் பாதிப்பேர் மறுபடியும் தூக்கினார்கள். சாப்பிடலாமா என்று யாரோ கத்தினார்கள், அரங்கமே தூக்கியது. கடைசியில், இந்தப் பொருளை அடுத்த ஆண்டு பதவியேற்கும் புதிய நிர்வாகக் குழு பரிசீலிக்கும், அதுவரை உறுப்பினர் கலாவதி அவசர முடிவு எதையும் எடுக்க வேண்டாமெனப் பேரவை அன்புடன் கேட்டுக்கொள்கிறது என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் திங்கட்கிழமை. என் இடம் போய்விடும். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம்.

அந்த நேரம் பார்த்துக் காமாக்ஷி ஆன்ட்டி ஓடிவந்து என் கையில் ஒரு தாளைத் திணித்தார். நன்றியுரை சொல்ல வேண்டிய பெண் கேட்டரிங் வேனைத் தேடிப் போய்விட்டாளாம். "நீ வாசிச்சுடு கலா. யாராவது ஒரு லேடி வாசிக்கணும்."

எங்கள் பேரவையில் நன்றியுரை என்பது சாப்பாட்டு மணி. அதை வாசிக்க ஒரு பெண் மேடையேறினால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். கேட்டது. நான் புரவலர்களுக்கு நன்றி சொன்னேன். அரங்கம் பாதி காலி. வீட்டுக்கடன் நிறுவனத்துக்கும் நகைக்கடைக்கும் நன்றி சொன்னேன். முக்கால் காலி. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்லி நிமிர்ந்தபோது, எல்லோரும் பின்பக்கம் தட்டோடு வரிசையில் நின்றார்கள். என் கணவரும் மகளும் சுவரோரமாக என்னைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். மற்றபடி முதல் வரிசை மட்டும் நிறைந்திருந்தது. வரிசையில் போய் நிற்கக் காலில் தெம்பில்லாதவர்கள். பொன்னாடையோடு, யாராவது தட்டு கொண்டுவருவார்கள் என்று காத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தாளை மடித்தேன்.

"இன்னொரு விஷயமுங்க. நான் எல்.பி.என். படிக்கப் போறேன். நாளைக்குக் காலைல போய்ச் சேர்ந்துக்கறேன்."

தெய்வானை ஆத்தா காதருகே கையைக் குவித்தார். "சத்தமாச் சொல்லு கண்ணு. ஒண்ணும் கேக்கலை."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூவினேன். பிங்கோ கூவிப் பழகிய தொண்டை, சுவரெல்லாம் அதிர்ந்தது. "நான் நர்ஸுக்குப் படிக்கப் போறேனுங்க ஆத்தா!"

சாப்பாட்டு வரிசை மொத்தமாகத் திரும்பியது. நெடுஞ்செழியன் தட்டை உயர்த்தி, "கலாவதிங்க, அந்த ஐட்டம் பெண்டிங்ல இருக்குதுங்க!" என்று கத்தினார்.

"அவன் கெடக்கறான்" என்றார் ஆத்தா. "நீ எப்பப் படிச்சு முடிப்பே?"

"ஈவினிங் கிளாஸுங்கறதால அடுத்த வருஷக் கடைசி ஆயிருமுங்க ஆத்தா. அப்புறம் ஒரு பரீட்சை இருக்குது."

ஆத்தா இந்தப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார், அந்தப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். வரிசை முழுக்கக் குசுகுசுவென்று ஒரு பேச்சு ஓடித் திரும்பி வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அதுவரைக்கும் நாங்க இருந்தாகோணும், அவ்வளவுதான?" என்றார் ஆத்தா. "செரி, இருக்கறோம். நீ போய்ப் படி கண்ணு."

மைக்கை அப்படியே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். நேராகப் பின்னால் போய், வரிசையில் எல்லோருக்கும் முன்னால் புகுந்து, முதல் வரிசைக்கான தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து சேனாபதி கையிலும் வான்மதி கையிலும் அடுக்கினேன். பேரவைத் தலைவர் உட்பட ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.